"மன்னிச்சிட்டன்" என்று சொன்ன பிறகும் மனக்காயம் ஆறவில்லை: ஜெபக்குழுவில் இதை எப்படிக் கையாள்வது?

உப்புவெளி_வீட்டுக்குழு

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இலங்கைத் திருகோணமலையின் உப்புவெளியில் வியாழன் பின்னேரங்களில் கூடுற ஒரு பெண்கள் ஜெபக்குழுவுக்காகக் கேட்கிறேன். மெதடிஸ்தும் கத்தோலிக்கமும் கலந்த குழு.

அதில் ஒரு சகோதரி (ஆள் தெரியாதபடி சில விபரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்). தாயாரின் 31ஆம் நாள் நினைவு ஆராதனை முடிந்து பந்தி போட்டிருக்கிற நேரம், மூத்த அக்கா சொந்தக்காரர் எல்லார் முன்னிலையிலும், "அம்மாவின்ர பீத்துணி கழுவினது நான். நீ மாசாமாசம் காசு போட்டாய், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டா. அதற்குப் பின்னால் தாய்வீட்டு உறுதி (காணிப் பத்திரம்) பற்றிய பிரச்சினையும் இருக்கிறது. பிறகு ஒரு கூட்டத்தில் இந்தச் சகோதரி எழும்பி நின்று, "அக்காவை மன்னிச்சிட்டன்" என்று சாட்சி சொன்னா. எல்லாரும் சந்தோஷப்பட்டோம். ஆனால் இப்பவும் அக்காவின் நம்பர் போனில் விழுந்தாலே கை நடுங்குதாம், நித்திரை வருவதில்லையாம். "எனக்கு விசுவாசம் காணாதோ" என்று கேட்கிறா.

குழுவில் சிலர் இன்னும் உபவாசித்து ஜெபி என்கிறார்கள். சிலர் நத்தாருக்கு அக்கா வீட்டுக்குப் போய்க் காலில் விழு என்கிறார்கள். பொதுவான ஆறுதல் வார்த்தை வேண்டாம். முதல் என்ன, அடுத்தது என்ன என்று ஒழுங்காகச் சொல்லக்கூடியவர்கள் சொல்லுங்கள்.

---

உள்ளூர்ப்_பிரசங்கி

சகோதரி, முதலில் நத்தார் திட்டத்தை நிற்பாட்டுங்கள். பண்டிகைச் சாப்பாட்டு மேசை ஒப்புரவுக்கு ஆகவே ஆகாத இடம். பிள்ளைகள், மருமக்கள், அயலவர் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அக்காவுக்கு இரண்டே வழிதான் இருக்கும்: கட்டிப்பிடித்து நடிப்பது, அல்லது இன்னொரு முறை வெடிப்பது.

உங்கள் குழுவில் மூன்று காரியங்கள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. மன்னிப்பு ஒன்று, ஒப்புரவு இன்னொன்று, திரும்ப நம்புவது மூன்றாவது. மன்னிப்பு கர்த்தருக்கு முன்பாகத் தனி ஆளாகச் செய்யக்கூடியது. அக்கா உயிரோடு இல்லாவிட்டாலும் செய்யலாம். ஒப்புரவுக்கு இரண்டு பேர் வேண்டும். ரோமர் 12:18 "கூடுமானால் உங்களாலானமட்டும்" என்றுதான் தொடங்குகிறது, அந்த இரண்டு சொல்லையும் விழுங்கிவிட்டுத்தான் நாங்கள் பிரசங்கம் பண்ணுகிறோம். நம்பிக்கை வருவதற்குக் காலமும் வேண்டும், அந்த ஆளின் நடத்தையில் மாற்றமும் வேண்டும். பவுல் தனக்கு மிகுந்த தீமை செய்த கன்னானாகிய அலெக்சந்தரைப் பற்றித் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, கர்த்தர் அவனுக்குப் பதில் செய்வார் என்று கணக்கைக் கர்த்தரிடம் கொடுத்துவிட்டு, அடுத்த வசனத்திலேயே "நீயும் அவனைக்குறித்து எச்சரிக்கையாயிரு" என்கிறார் (2 தீமோத்தேயு 4:14-15). ஆக, பழிவாங்குவதை விட்டுவிட்ட ஒரு மனிதர் கதவைப் பூட்டியும் வைத்திருக்கலாம். அதில் பாவம் ஒன்றுமில்லை.

யோசேப்பின் கதையை இந்தக் கண்ணோடு திரும்ப வாசியுங்கள். ஆதியாகமம் 42இல், முன்பு அவனை அடிமையாக விற்ற அண்ணன்மார் வந்து நிற்கிறார்கள். அவன் அவர்களை அடையாளம் கண்டுகொள்கிறான், ஆனால் தன்னைக் காட்டிக்கொள்ளவில்லை. ஒதுங்கிப் போய் அழுகிறான் (42:24), மறுபடி அழுகிறான் (43:30). அவர்களைச் சோதிக்கிறான். முன்பு தன்னை விற்கலாம் என்று யோசனை சொன்ன அதே யூதா, இந்த முறை தம்பி பென்யமீனுக்குப் பதிலாக "நான் அடிமையாக இருக்கிறேன்" என்று முன்வந்த பிறகுதான் (44:33) வாயைத் திறக்கிறான். அதுவும் எப்படி? மற்ற எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு (45:1). பேசுவதற்கு முதலே அழுகைக்கு இடம் இருந்தது. அடுத்த பக்கம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பதற்கும் இடம் இருந்தது.

உங்கள் சகோதரி அழுகிற படியைத் தாண்டிக் குதித்து நேராகச் சாட்சிக்கு வந்துவிட்டா. பழி அவ மேல் இல்லை, குழு அவசரப்படுத்தியிருக்கிறது. இப்ப செய்ய வேண்டியது, திரும்பப் போய் அந்தப் புலம்பலைச் செய்வது.

13ஆம் சங்கீதத்தை எடுங்கள். ஆறே வசனம். முதல் இரண்டில் "எதுவரைக்கும்" என்ற கேள்வி நாலு தரம் வரும். அடுத்த இரண்டு விண்ணப்பம். கடைசி இரண்டு நம்பிக்கை. அவவை ஒரு கொப்பியில் இதே அமைப்பில் எழுதச் சொல்லுங்கள்: நாலு "எதுவரைக்கும்", ஒரு விண்ணப்பம், கடைசியில் ஒரு வரி நம்பிக்கை. நம்பிக்கை வரி வராவிட்டால் வெறுமையாக விடலாம். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். சொந்த ஆட்கள் தந்த காயத்துக்கு 55ஆம் சங்கீதமும் பொருந்தும்: "என்னை நிந்தித்தவன் சத்துரு அல்ல, அப்படியிருந்தால் சகிப்பேன்."

அதன் பிறகு மன்னிப்பு. "எல்லாவற்றையும் மன்னிக்கிறேன்" என்று மொத்தமாகச் சொன்னால் பிடிக்காது. எந்தச் சொல், எந்த நாள், யார் முன்னால், அதனால் தன்னிடமிருந்து என்ன பறிபோனது என்று எழுத வேண்டும். இந்த விஷயத்தில் போனது மானம் மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். தாய்க்குத் துக்கப்படுகிற உரிமையே அந்தப் பந்தியில் பறிக்கப்பட்டிருக்கிறது. அதைப் பெயர் சொல்லி எழுதி, "இந்தக் கடனை அக்காவிடம் நான் அறவிடமாட்டேன்" என்று கர்த்தரிடம் சொல்வதுதான் மன்னிப்பு. நடுக்கம் திரும்பி வந்தால் மன்னிப்பு பொய் என்று அர்த்தமில்லை. அதே தீர்மானத்தை அந்த நேரத்தில் இன்னொரு தரம் சொல்ல வேண்டும். மன்னிப்புக்கு இயேசு சொன்ன ஏழெழுபதுதரம் என்ற கணக்கு ஒரே குற்றத்துக்குக் கூடத் தேவைப்படலாம்.

---

உளவளத்துணை_திருமலை

மேலே ஐயா சொன்ன கொப்பி எழுதுகிற விஷயத்தில் அளவு முக்கியம், அதனால் கொஞ்சம் சேர்க்கிறேன்.

உளவியலில் இதைப் போன்ற ஒரு எழுத்துப் பயிற்சி 1986இல் பென்னபேக்கர் என்ற ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு பரவலாகப் பாவிக்கப்படுகிறது. ஒரு நாளைக்கு 15 நிமிடம், தொடர்ந்து 4 நாள். போனில் மணி வைத்துவிட்டு, நிறுத்தாமல், எழுத்துப்பிழை பார்க்காமல், நடந்ததையும் அதைப் பற்றிய உணர்ச்சியையும் சேர்த்து எழுத வேண்டும். எழுதி முடித்த கையோடு மனம் முன்னையதைவிடப் பாரமாக இருக்கும். ஓரிரண்டு மணித்தியாலத்தில் பெரும்பாலும் இறங்கிவிடும். இதை முதலே சொல்லிவைக்காவிட்டால், "எழுதினா கூடுது" என்று இரண்டாம் நாளே கொப்பியை மூடிவிடுவா. படுக்கப் போகிற நேரம் எழுத வேண்டாம். பின்னேரம் நல்லது, முடிந்ததும் ஒரு தேத்தண்ணி, ஒரு சின்ன நடை. எழுதும்போது தாங்க முடியாமல் போனால் அந்த இடத்தை விட்டு வேறு பக்கத்தை எழுதலாம், அல்லது நிறுத்தலாம். கொப்பியை ஒருவருக்கும் வாசித்துக் காட்டத் தேவையில்லை, குழுவுக்கு வாசிக்கவே கூடாது. முக்கியமாக, அதைப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பக் கூடாது.

தாய் செத்துச் சில மாதங்கள்தான் என்றால் இன்னொன்றையும் யோசியுங்கள். நடுக்கம், நித்திரையின்மையில் ஒரு பங்கு அக்காவின் சொல். இன்னொரு பங்கு தாயின் இழவு. இரண்டும் ஒரே நூலில் முறுகியிருக்கும். "அக்காவை மன்னி" என்று திரும்பத் திரும்பச் சொன்னால், தாய்க்காக அழுகிற கண்ணீரும் கோபத்துக்குள் போய் அடைபடும். ஒரு நாளாவது அக்கா பற்றிய கதையே இல்லாமல் தாயைப் பற்றி மட்டும் கதைக்க விடுங்கள்.

நடுக்கம் வருகிற அந்த நிமிடத்துக்கு: போனை எடுக்கத் தேவையில்லை. இரண்டு காலும் நிலத்தில் அழுந்த வைத்து, மூச்சை நாலு எண்ணும் வரை உள்ளே, ஆறு எண்ணும் வரை வெளியே, ஐந்து நிமிடம். ஜெபிக்கிறவர்கள் வெளிமூச்சோடு "கர்த்தாவே இரங்கும்" என்று சொல்லலாம். உடம்பு கொதித்துப் போயிருக்கிற நேரம் மூளை நியாயம் கேட்காது. அடங்குவதற்குக் குறைந்தது இருபது நிமிடமாவது வேண்டும். அதற்குப் பிறகு திருப்பி எடுக்கலாம், அல்லது "நாளைக்கு எடுக்கிறன் அக்கா" என்று ஒரு மெசேஜ் போடலாம். எபேசியர் 4:26ஐக் காட்டி "சூரியன் மறையிறதுக்குள்ள கதைச்சு முடி" என்று இரவு பதினொரு மணிக்குச் சண்டையை இழுக்கிற வீடுகள் உண்டு. அந்த வசனம் எரிச்சலைத் தணிக்கச் சொல்கிறது. வழக்கை அன்றைக்கே தீர்க்கச் சொல்லவில்லை.

ஜெபத்தோடு நிற்கக் கூடாத அறிகுறிகள் சில இருக்கின்றன. இரண்டு கிழமைக்கு மேல் அனேகமாக ஒவ்வொரு நாளும் நித்திரையும் சாப்பாடும் குழம்புவது, வழமையான வேலை ஓடாமல் போவது, முன்பு பிடித்த எதிலும் மனம் ஒட்டாதது. செத்தால் நல்லது என்ற நினைப்பு வந்தால் ஒரு நாளும் பொறுக்கக் கூடாது. பெரியாஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக்குப் போகலாம். 1926 தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம். பிரதேச செயலகத்திலும் உளவளத்துணை அலுவலரைக் கேட்டுப் பார்க்கலாம். குளிசை எடுத்தால் விசுவாசம் குறைந்துவிட்டது என்று குழுவில் யாராவது சொன்னால், அவர் பிரஷர் குளிசை எடுக்கிறாரா என்று மெதுவாகக் கேளுங்கள்.

இன்னொன்று. இந்தச் சகோதரிக்கு இது பொருந்தாது, ஆனால் குழு என்று கேட்டபடியால் எழுதுகிறேன். காயம் என்பது வீட்டுக்குள் அடி உதை, மிரட்டல் என்றால் மேலே உள்ள எதையும் முதலில் செய்யக் கூடாது. மத்தேயு 18:15ஐக் காட்டி, "தனியப் போய் அவரோட கதை" என்று ஒரு மனைவியை அனுப்புவது ஆபத்து. முதல் பாதுகாப்பு. 1938 பெண்களுக்கான உதவி இலக்கம். பல அரச வைத்தியசாலைகளில், வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவுகிற 'நட்பு நிலையம்' இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். இடைக்காலக் கட்டளை 14 நாள் வரை, முழுக் கட்டளை 12 மாதம் வரை. பாதிக்கப்பட்டவருக்காகப் பொலிஸ் அதிகாரியும் விண்ணப்பிக்க முடியும். மன்னிப்பைப் பற்றிய கதை அதற்குப் பிறகுதான், அதுவும் அவர் கேட்டால்.

---

பாலையூற்று_மறையாசிரியர்

கத்தோலிக்கரும் குழுவில் இருக்கிறபடியால் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் தன் பாவங்களை அறிக்கையிடுவது) பற்றிச் சொல்ல வேண்டும். நிறையப் பேர் அங்கே போய் அக்காவின் பாவத்தைச் சொல்லிவிட்டு வருகிறார்கள். பத்து நிமிடக் கதையில் தன் பாவம் அரை வரி. அது அருட்சாதனம் தருகிற ஆறுதலைத் தராது, ஏனென்றால் பாவப்பொறுத்தல் கிடைப்பது சொன்ன ஆளுக்கு, அக்காவுக்கு இல்லை.

ஆயத்தம் செய்யும்போது ஒரு துண்டில் இரண்டு பத்தி போடலாம். இடப்பக்கம் எனக்குச் செய்யப்பட்டது. வலப்பக்கம் அதற்கு நான் செய்தது: பெறாமகளிடம் அக்காவைக் குத்திக் கதைத்தது, திருமணவீட்டில் முகத்தைத் திருப்பியது, அவவுக்குக் கெடுதி வரவேணும் என்று நினைத்தது. வலப்பக்கத்தை மட்டும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லுங்கள். வலி பாவம் இல்லை, கை நடுங்குவது பாவம் இல்லை, அதைச் சொல்லவே வேண்டாம். இடப்பக்கத்துக்கு ஆறுதலும் ஆலோசனையும் வேண்டும். சனிக்கிழமை பின்னேரம் வரிசை நிற்கிற நேரத்தில் அது முடியாது. ஃபாதரிடம் வேறு ஒரு நாள் நேரம் கேளுங்கள். ஆனால் ஒன்றைத் தெரிந்து வையுங்கள்: பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதை எக்காரணம் கொண்டும் குரு வெளியிட முடியாது, மீறினால் திருச்சபையின் மிகக் கடுமையான தண்டனை. அறையில் இருந்து தேத்தண்ணியோடு கதைக்கிற கதைக்கு அதே இரகசிய முத்திரை இல்லை. ஆகையால் "இது வெளியில போகக் கூடாது ஃபாதர்" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

அதே முத்திரை உங்கள் குழுவுக்கு அறவே இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய பயம். "பெயர் வேண்டாம், தாயை இழந்த ஒரு சகோதரிக்காகச் செபியுங்கள், சொந்த அக்காவோட பிரச்சினை" என்று வட்ஸ்அப்பில் போட்டால், உப்புவெளியில் ஆளைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் வேணும்? அது அக்காவின் காதுக்குப் போகும்போது, "என்னைப் பற்றிச் சபையெல்லாம் கதைக்கிறாய்" என்று இரண்டாவது காயம் உண்டாகும், இந்த முறை நியாயம் அக்கா பக்கம். செப விண்ணப்பத்தில் உறவு முறை, ஊர், மரணம், காணி என்ற நாலும் வரக் கூடாது என்று விதி வையுங்கள். "ஒரு கஷ்டமான உறவு" என்றால் போதும், ஆண்டவருக்கு விலாசம் தெரியும்.

---

வளவு_எல்லை

எல்லாரும் கொப்பியும் மூச்சும் சொல்லுறீங்கள். உறுதியை ஒருத்தரும் தொடவில்லை. காணி முடியாமல் மனம் முடியாது. அதோட, "நீ கிறிஸ்தவள் தானே, வீட்டை அக்காவுக்கே விட்டுக் குடு, அதுதான் உண்மையான மன்னிப்பு" என்று இதுக்குள்ள சொல்ல ஒரு ஆள் வரும், பாருங்கோ.

---

உள்ளூர்ப்_பிரசங்கி

வளவு_எல்லை சொல்வது சரி, வரும். 1 கொரிந்தியர் 6ஐத் தூக்கிக்கொண்டு வரும். அந்த அதிகாரத்தில் 7ஆம் வசனம், அநியாயத்தை ஏன் சகித்துக்கொள்ளக் கூடாது என்று கேட்கிறது உண்மை. அது பாதிக்கப்பட்டவர் தானாக எடுக்கக்கூடிய முடிவு. பக்கத்தில் இருக்கிறவர் இன்னொருத்தியின் பங்கை எடுத்துத் தானம் பண்ணுவதற்கு அந்த வசனம் அதிகாரம் தரவில்லை. 5ஆம் வசனத்தையும் வாசிக்கச் சொல்லுங்கள்: சகோதரருக்குள் நியாயம் தீர்க்க ஒரு விவேகி உங்களுக்குள் இல்லையா என்று பவுல் கேட்கிறார். ஆக, நடுவில் ஒருவரை வைப்பது வேதத்துக்கு ஏற்றதுதான். ஆபிராமும் லோத்தும் சண்டை வராதபடி நிலத்தைப் பிரித்துக்கொண்டே போனார்கள் (ஆதியாகமம் 13:8-9). அதை யாரும் விசுவாசக் குறைவு என்று சொன்னதில்லை.

நடைமுறைக்கு: இரண்டையும் ஒரே நாளில் கதைக்கக் கூடாது. "நீ என்னை அவமானப்படுத்தினாய்" என்பதும் "வீட்டில் என் பங்கு என்ன" என்பதும் ஒரே வாக்கியத்தில் வந்தால், முதலாவது இரண்டாவதற்குப் போட்ட தூண்டில் என்றுதான் அக்கா நினைப்பா. முதலில் காணிப் பதிவகத்தில் உறுதியின் பிரதியை எடுத்து, எழுத்தில் உண்மையில் யார் பெயரில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். உறுதியைப் பார்க்காமலே வருஷக்கணக்கில் முகம் முறித்துக்கொண்ட குடும்பங்கள் திருமலையில் குறைவில்லை. பேசித் தீராவிட்டால் மத்தியஸ்த சபை இருக்கிறது. அனேகமாக மூன்று பேர் இருப்பார்கள், இரு பக்கமும் ஒவ்வொருவரைத் தெரிய, அந்த இருவரும் தலைவரைத் தெரிவார்கள். இணக்கம் வந்தால் எழுத்தில் வரும். பாஸ்டரையோ பெரியப்பாவையோ வாய்ச்சொல்லுக்கு நடுவராக வைத்தால், ஆறு மாதம் கழித்து அவர் என்ன சொன்னார் என்பதே அடுத்த சண்டை.

---

உப்புவெளி_வீட்டுக்குழு

எல்லாருக்கும் நன்றி. விண்ணப்ப விதியை இந்த வியாழனே வைக்கிறோம். கடைசியாக ஒன்று: கொப்பி எழுதி, மனம் கொஞ்சம் இறங்கிய பிறகு அக்காவோடு கதைக்கிற நாள் வந்தால், எங்கே, எப்படி? அவ வொய்ஸ் நோட் அனுப்பலாமா என்று கேட்கிறா.

---

உளவளத்துணை_திருமலை

வொய்ஸ் நோட் வேண்டாம். அழுகுரல் பதிவாகும், அது பத்துப் பேருக்குப் போகும், திருப்பித் திருப்பிக் கேட்கப்படும். நேரே தான். அக்கா வீட்டிலும் வேண்டாம், அம்மா வீட்டில் வேண்டவே வேண்டாம். உட்துறைமுக வீதிப் பக்கமோ டச்சு பே கடற்கரையிலோ பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு நடந்துகொண்டே கதைக்கலாம். நடக்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் நேரே பார்க்க வேண்டியதில்லை, அதனாலேயே சொல் இலகுவாக வரும். முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் இழுக்க வேண்டாம், "ஆறு மணிக்குப் போகவேணும்" என்று முதலே சொல்லி வையுங்கள்.

முதல் வார்த்தை அக்கா செய்ததை ஒத்துக்கொள்வதாக இருக்கட்டும், அது உண்மையும்தானே: "அம்மாவைப் பார்த்தது நீங்கள்தான் அக்கா, அந்தப் பாரம் எனக்குத் தெரியாது." பிறகு நிறுத்துங்கள். அவ கொட்டினால் கொட்டட்டும், குறுக்கே விழ வேண்டாம். அதற்குப் பிறகு ஒரே ஒரு சம்பவம்: "31ஆம் நாள் பந்தியில எல்லார் முன்னாலயும் சொன்னது எனக்கு நொந்தது. அம்மாவுக்காக அழக்கூட எனக்கு உரிமை இல்லையோ என்று இருந்தது." "நீங்கள் எப்பவும் இப்படித்தான்" என்ற வாக்கியம் வாயில் வந்தால் விழுங்கிவிடுங்கள், அதைத் தொடங்கினால் சின்ன வயசு வரைக்கும் போகும். மூன்றாவதாக ஒரு சின்னக் கேள்வி: "இனி அப்படி ஏதும் இருந்தால் என்னட்டத் தனியச் சொல்லுவீங்களா?" அதற்கு "ஓம்" வந்தால் அன்றைக்கு அது போதும். "நான் சொன்னதில என்ன பிழை" என்று வந்தால், வாதாடாமல் "சரி அக்கா, நான் சொல்லவேண்டியதைச் சொல்லிட்டன்" என்று விட்டுவிட்டு வரலாம்.

"உங்களை மன்னிச்சிட்டன்" என்று மட்டும் அங்கே சொல்ல வேண்டாம். பிழை என்று ஒத்துக்கொள்ளாத ஆளின் காதில் அது குற்றப்பத்திரிகை மாதிரித்தான் விழும்.

---

பாலையூற்று_மறையாசிரியர்

ஒரு சின்னச் சேர்க்கை. அக்கா "ஓம்" சொன்னாலும் அடுத்த கிழமையே பழைய மாதிரி வீட்டுக்கு ஓடிப் போகத் தேவையில்லை. முதல் மாதம் கிழமைக்கு ஒரு போன், அதிலும் பிள்ளைகளின் படிப்பு, சமையல், கோயில் என்று பாரமில்லாத கதை. அம்மாவின் ஆண்டுத் திவசப் பூசைக்கோ ஆராதனைக்கோ இன்னும் காலம் இருக்கிறபடியால், யார் என்ன செலவு, யார் சமையல், யார் பேச்சு என்று இரண்டு பேரும் முதலே துண்டில் எழுதிப் பிரித்துக்கொள்ளட்டும். போன முறை வெடித்தது பந்தியில்தான். இந்த முறை சாப்பாட்டைப் பெட்டியில் கட்டிக் கொடுத்து அனுப்பிவிடலாம் என்பது என் அபிப்பிராயம்.